பச்சைக் கொடியில் வெள்ளை நிலா: பாஸ் கட்சியை உள்ளபடி அறிவோம்

கெடா மாநிலத் தோட்டம் ஒன்றிலிருந்து வாசகர் ஒருவர் நமக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அப்பன் காலத்தில் பால்மரம் வெட்டிய குடும்பம். இவர் செம்பனையில் குலை தள்ளுகிறார். அவர் எழுதியதை அவர் வார்த்தையிலேயே தருகிறோம்:

"ஐயா, எலக்சன் வந்தா எங்க லயத்துல ரெண்டே பேச்சுதான். ஒருத்தர் வந்து, 'பாஸ் வந்தா கையை வெட்டுவான், கோயிலை இடிப்பான், ஜாக்கிரதை'ன்னு பயமுறுத்துறாரு. இன்னொருத்தர் வந்து, 'வெள்ளம் வந்தப்ப அரிசி மூட்டை கொண்டாந்தது யாரு? பாஸ்காரன்தானே'ங்கிறாரு. ரெண்டையும் கேட்டுக் காது புளிச்சுப் போச்சு. அந்தக் கட்சி எங்கேருந்து வந்துச்சு, என்னதான் கேக்குதுன்னு யாரும் சொல்ல மாட்டேங்கிறாங்க. நீங்களாவது உள்ளது உள்ளபடி எழுதுங்க."

நியாயமான கேள்வி. நம் மக்கள் பல தலைமுறையாக வாக்களித்து வருகிறார்கள். ஆனால் கட்சிகளை நாம் அறிந்ததெல்லாம் அவற்றின் எதிரிகள் வாயாலும், அவற்றின் அரிசி மூட்டையாலும்தான். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். பசித்தவன் கண்ணுக்குச் சோறு போட்டவனெல்லாம் சாமி. இரண்டு கண்ணையும் கொஞ்சம் துடைத்துக்கொண்டு பார்ப்போம். இந்தக் கட்டுரை பாஸுக்கு வாக்குப் போடச் சொல்வதற்காக எழுதப்பட்டதல்ல, போடாதே என்று சொல்வதற்காகவும் எழுதப்பட்டதல்ல.

பிறந்த கதை

பேராக் மாநிலம் பாகான் செராய் பக்கம் குனோங் செமாங்கோல் என்றோர் ஊர். சமயப் பள்ளிக்குப் பேர் போன இடம். 1948 மார்ச்சில் அங்கே 'ஹிஸ்புல் முஸ்லிமின்' என்ற இஸ்லாமியக் கட்சி உருவானது. வெள்ளைக்காரன் நாட்டை விட்டுப் போக வேண்டும், நாடு சமய வழியில் நடக்க வேண்டும் என்பது அதன் பேச்சு. அதே ஆண்டு அவசரகாலம் வந்தது. தலைவர்களைப் பிடித்து உள்ளே போட்டார்கள். கட்சி சில மாதத்திலேயே மறைந்தது.

மூன்று ஆண்டு கழிந்தது. அம்னோவுக்குள்ளேயே இருந்த சமய அறிஞர்கள், அதாவது உலாமாக்கள், 'நம் பேச்சுக்கு இங்கே மதிப்பில்லை' என்று முணுமுணுத்தார்கள். அவர்கள் கூடி 1951 நவம்பர் 24ல் பட்டர்வொர்த்தில் தனி அமைப்பைத் தொடங்கினார்கள். முதல் தலைவர் ஹாஜி அகமது புவாட் ஹசான். அந்த அமைப்பே பின்னாளில் பாஸ் ஆனது. நம் பெரியவர்கள் சிலருக்கு 'பி.எம்.ஐ.பி.' என்ற பழைய ஆங்கிலப் பெயர் இன்னும் நினைவிருக்கும். முதல் சில ஆண்டு ஒரே ஆள் அம்னோவிலும் இதிலும் அங்கத்தினராக இருக்க முடிந்தது. ஆக, இது அம்னோ வீட்டுப் பிள்ளை, தனிக்குடித்தனம் போன பிள்ளை. இந்த உறவை மறந்தால் பிற்காலக் கதை எதுவும் நமக்குப் புரியாது.

1955ல் முதல் கூட்டரசுத் தேர்தல் நடந்தது. 52 இடங்களில் கூட்டணிக் கட்சி 51ஐ வாரிக்கொண்டது. மிச்சமிருந்த ஒரே ஓர் இடம் பாஸுக்குக் கிடைத்தது. அதுவும் குனோங் செமாங்கோல் இருக்கும் கிரியான் வட்டாரத்தில்.

1956ல் டாக்டர் புர்ஹானுடின் அல்-ஹெல்மி தலைவரானார். இவர் இந்தியாவுக்குப் போய் ஹோமியோபதி வைத்தியம் படித்தவர். போருக்குப் பின் மலாய் தேசியக் கட்சியின் தலைவராக இருந்தவர். 1947ல் வெள்ளைக்காரனின் அரசமைப்புத் திட்டத்தை எதிர்த்து மலாய்க்காரர், சீனர், இந்தியர் அமைப்புகள் ஒன்று சேர்ந்து அக்டோபர் 20ல் நாடு தழுவிய ஹர்த்தால் நடத்தினவே, அதில் ஒரு பக்கம் அந்த மலாய் தேசியக் கட்சி நின்றது, இன்னொரு பக்கம் ம.இ.கா. நின்றது. நம் தோட்டத்து ஆட்களும் அன்று வேலைக்குப் போகாமல் நின்றார்கள். சரித்திரத்தில் இப்படியும் ஒரு பக்கம் உண்டு.

ஆனால் இன்னொரு பக்கத்தையும் சொல்லத்தான் வேண்டும். 1957ல் சுதந்திர அரசமைப்பு எழுதப்பட்டபோது, மலாய்க்காரர் அல்லாதாருக்குக் குடியுரிமை தாராளமாகக் கொடுக்கக் கூடாது என்று வாதாடியது இதே பாஸ். இது மலாய்க்காரர் மண், அவர்கள் உரிமை முதலில் என்பது அன்று அதன் நிலை. சிவப்பு அடையாளக் கார்டோடு அலைந்த நம்மவர் வேதனையை நாம் மறக்கவில்லை. அந்த வேதனையைக் கொண்டுவந்த ஆட்சி பாஸ் ஆட்சியல்ல, கூட்டணி ஆட்சிதான். ஆனாலும் அந்தக் காலத்தில் பாஸ் நமக்காகப் பேசவும் இல்லை.

கிளந்தான் ஏன் கிடைத்தது?

1959 தேர்தலில் பாஸ் நாடாளுமன்றத்தில் 13 இடம் பிடித்தது. கிளந்தான், திரெங்கானு இரண்டு மாநில ஆட்சியும் அதன் கைக்கு வந்தன. கட்சி பிறந்தது மேற்குக் கரையில், பந்தல் போட்டு வாழ்ந்தது கிழக்குக் கரையில். என்ன காரணம்?

முதல் காரணம், ஊர். கிளந்தான் நெல் விளையும் பூமி. சிறு நிலம் வைத்துப் பிழைக்கும் மலாய் விவசாயிகளும் மீனவர்களும் நிறைந்த இடம். மேற்குக் கரையைப் போல ஈயச் சுரங்கமும் பெரிய ரப்பர் தோட்டங்களும் அங்கே பெருகவில்லை. ஆகவே சீனரும் நம்மவரும் அங்கே கொஞ்சம் பேர். கிளந்தான் முழுவதற்கும் இருக்கும் தமிழ்ப்பள்ளி குவாலா கிராய் பக்கத்துப் பாசிர் காஜா தோட்டப் பள்ளி ஒன்றுதான்.

இரண்டாவது காரணம், 'பொந்தோக்' என்ற சமயப் பள்ளிகள். குருவின் வீட்டைச் சுற்றிக் குடிசை போட்டுக்கொண்டு மாணவர்கள் தங்கிப் படிக்கும் முறை. அந்த ஊர்களில் 'தோக் குரு' சொன்னால் ஊர் கேட்கும். நம் தோட்டத்தில் ஒரு காலத்தில் பெரிய கங்காணி பேச்சுக்கு இருந்த மரியாதையும், கோயில் பெரியவர் பேச்சுக்கு இருந்த மரியாதையும் ஒன்றாகச் சேர்ந்தால் எப்படி இருக்கும்? அப்படி.

மூன்றாவது காரணம், கோலாலம்பூர் மீது மனக்குறை. 'ரோடு உனக்கு, ஆலை உனக்கு, எங்களுக்கு என்ன?' என்ற கேள்வி. பிற்காலத்தில் திரெங்கானுக் கடலில் பெட்ரோல் கிடைத்தது. 1999ல் பாஸ் அங்கே ஆட்சிக்கு வந்த மறுவருஷம், மாநிலத்துக்கு வந்துகொண்டிருந்த 5 விழுக்காட்டு உரிமைப் பணத்தை மத்திய அரசு நிறுத்தியது. 'எங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரை எடுத்துக்கொண்டு எங்களுக்கே குடம் இல்லை என்கிறாயே' என்று பாஸ் கேட்டது. சமயப் பேச்சோடு இந்த மண்ணின் மனக்குறையும் சேர்ந்ததால்தான் அதன் வேர் அங்கே ஆழமாக இறங்கியது. அது தன்னை நாட்டுக் கட்சி என்றே சொல்லிக்கொள்ளும். ஆனால் அதன் பலம் வடக்கிலும் கிழக்கிலும்தான் குவிந்திருக்கிறது.

ஏறியதும் இறங்கியதும்

திரெங்கானு ஆட்சி 1961லேயே கட்சித் தாவலால் கவிழ்ந்தது. கிளந்தான் மட்டும் கையில் நின்றது. 1965ல் டாக்டர் புர்ஹானுடினை உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் பிடித்து வைத்தார்கள். 1969ல் அவர் மறைந்தார். அதே 1969 தேர்தலில் கெடாவில் கோத்தா ஸ்டார் செலாத்தான் தொகுதியில் டாக்டர் மகாதீரையே தோற்கடித்தவர் பாஸ் வேட்பாளர் யூசோப் ராவா. வித்தியாசம் ஆயிரம் வாக்குக்கும் குறைவு.

மே 13க்குப் பிறகு காற்று மாறியது. அஸ்ரி முடா தலைமையில் பாஸ் 1973ல் அம்னோவோடு கூட்டுச் சேர்ந்தது, பாரிசான் நேஷனலிலும் நுழைந்தது. ஆம், ம.இ.கா.வும் பாஸும் ஒரே தராசுச் சின்னத்தின் கீழ் நின்ற காலம் ஒன்று இருந்தது. அது நீடிக்கவில்லை. கிளந்தான் மந்திரி புசார் விவகாரத்தில் சண்டை வந்து, 1977 நவம்பரில் அம்மாநிலத்தில் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. பாஸ் வெளியேற்றப்பட்டது. 1978 மார்ச்சில் நடந்த மாநிலத் தேர்தலில் 36 இடங்களில் இரண்டே இரண்டு கிடைத்தன. அகலக் கால் வைத்து வழுக்கி விழுந்த கதை.

1982ல் இளைய உலாமாக்கள் அஸ்ரியை விலக்கி, யூசோப் ராவாவைத் தலைவராக்கினார்கள். கட்சியின் போக்கே திரும்பியது. 'இனம் இனம் என்று பேசுவது இஸ்லாம் அல்ல' என்று அவர்கள் அம்னோவைச் சாடினார்கள். உலாமாக்கள் அடங்கிய 'ஷூரா' மன்றம் கட்சிக்கு மேல் அமர்ந்தது. சீனர் அமைப்புகளோடும் பேச்சு நடந்தது. ஆனால் இன்னொரு முகமும் அப்போது தெரிந்தது. 1981ல் திரெங்கானுவில் அப்துல் ஹாடி அவாங் ஆற்றிய உரை ஒன்று, அம்னோக்காரர்கள் சமயம் கெட்டவர்கள் என்ற பொருளில் ஊரூராகப் பரவியது. ஒரே கிராமத்தில் இரண்டு இமாம், இரண்டு தொழுகை என்று மலாய்க் குடும்பங்கள் பிளந்தன. 1985 நவம்பர் 19ல் கெடா, பாலிங் அருகே மெமாலி கிராமத்தில் போலீஸ் நடவடிக்கையில் 18 உயிர்கள் போயின. கிராமத்தார் 14 பேர், போலீஸ்காரர் 4 பேர். 1986 தேர்தலில் பாஸுக்கு நாடாளுமன்றத்தில் ஒரே ஓர் இடம்.

'தீர்ந்தது கட்சி' என்றார்கள். தீரவில்லை. 1990ல் அம்னோவிலிருந்து பிரிந்த செமாங்காட் 46 கட்சியோடு சேர்ந்து கிளந்தானின் 39 இடங்களையும் அள்ளியது. நிக் அப்துல் அசிஸ் மந்திரி புசார் ஆனார். இந்தியாவில் தியோபந்து மதரசாவில் படித்து வந்தவர். 2013 வரை 23 ஆண்டு ஆட்சி செய்தார். மந்திரி புசாருக்குரிய மாளிகையை விட்டுவிட்டுத் தன் கம்பத்து வீட்டிலேயே கடைசிவரை வாழ்ந்தார். அவர் கொள்கையை ஏற்காதவர்கள்கூட அவர் எளிமையைக் குறை சொன்னதில்லை. 2015ல் அவர் மறைந்தபோது மற்ற இனத்தவரும் அஞ்சலி செலுத்தினார்கள்.

1999ல் 27 இடம், மறுபடி திரெங்கானு. 2004ல் பெரும் சரிவு. 2008ல் 23 இடம், கெடா ஆட்சி. 2013ல் கெடா போயிற்று. 2020ல் கட்சித் தாவல்களால் திரும்பி வந்தது. 2022 நவம்பர் தேர்தலில் 40க்கும் மேற்பட்ட இடங்களோடு நாடாளுமன்றத்தில் தனிக்கட்சிகளில் முதலிடம் பெற்றது. 2023 ஆகஸ்டு மாநிலத் தேர்தலில் அதன் கூட்டணியான பெரிக்காத்தான் நேஷனல் திரெங்கானுவில் 32க்கு 32, கிளந்தானில் 45க்கு 43, கெடாவில் 36க்கு 33 இடம் வென்றது. அலை போவதும் வருவதுமாக இருக்கிறது. கடல் வற்றவில்லை.

என்னதான் கேட்கிறது?

பழமை பேணும் கட்சி என்பார்கள். நம் கோயில் திருவிழாவில், 'காப்புக் கட்டியவன் ஊர் எல்லை தாண்டக் கூடாது, முன்னோர் வகுத்ததை மாற்ற நீ யார்?' என்று கேட்கும் பெரியவர் இருக்கிறாரே, அவர் மனம்தான் பழமை பேணும் மனம். அவர் கெட்டவரல்ல. பிள்ளைகள் கெட்டுப் போகக் கூடாது, குடும்பம் சிதறக் கூடாது என்ற அக்கறை அவருக்கு உண்டு. ஆனால் அவர் வகுத்த எல்லை எல்லார் மேலும் விழும்போதுதான் தகராறு வருகிறது.

பாஸின் எண்ணத்தை மூன்றாகச் சொல்லலாம். ஒன்று, சமயமும் அரசும் வேறு வேறு அல்ல. அரசு இறைவன் விதித்த வழியில் நடக்க வேண்டும். இரண்டு, அதற்கு வழிகாட்டத் தகுதி சமயம் படித்த உலாமாக்களுக்கே உண்டு. மூன்று, ஒழுக்கம் தனி மனிதன் பாடு மட்டுமல்ல, அரசின் பொறுப்பும்கூட. ஆகவே கிளந்தானில் சூதாட்டக் கடைகள் மூடப்பட்டன. பேரங்காடிகளில் ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனி வரிசை வந்தது. மலாய்க்காரரின் பழங்கலையான 'மாக் யோங்' நாடகத்துக்கே பல ஆண்டு தடை இருந்தது. 2019ல்தான் நிபந்தனையோடு தளர்ந்தது.

நாலு நம்பர்க் கடை இல்லாத ஊரை நினைத்துப் பாருங்கள். சம்பளத்தில் பாதியை அங்கே கொட்டிவிட்டு வந்த புருஷனைக் கண்ட நம் பெண்கள், 'நல்லதாப் போச்சு' என்றுதான் சொல்வார்கள். அதையும் மறைக்கக் கூடாது.

வேலையும் அது செய்கிறது. பாலர் பள்ளிகள் நடத்துகிறது. 1987லிருந்து 'ஹராக்கா' பத்திரிகை நடத்துகிறது. வெள்ளம் வந்தால் அதன் தொண்டர் படையான 'யூனிட் அமால்' இடுப்பளவு தண்ணீரில் இறங்குகிறது. தேர்தல் இல்லாத நாளிலும் செராமா, வகுப்பு, கூட்டம் என்று இரவெல்லாம் ஊருக்குள் இருக்கிறது. ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை முகம் காட்டும் கட்சிக்காரர்களைக் கண்டு பழகிய நமக்கு இது ஒரு பாடம்தான்.

அது தொழிற்சங்கத்திலிருந்து பிறந்த கட்சியல்ல என்பதையும் கவனிக்க வேண்டும். 'ஏழைக்கு உதவு' என்பது அதன் சமய தர்மம். 'தொழிலாளிக்கு உரிமைச் சம்பளம்' என்ற பேச்சு அதன் அடிப்படையில் இல்லை. உதவி வேறு, உரிமை வேறு.

கையை வெட்டும் சட்டமா?

ஹூடுட் என்ற சொல்லே நம் லயங்களில் பூச்சாண்டியாகிவிட்டது. நடந்தது என்ன? 1993ல் கிளந்தான் சட்டமன்றமும், 2002ல் திரெங்கானு சட்டமன்றமும் இந்தக் குற்றவியல் சட்டத்தை நிறைவேற்றின. திருட்டுக்குக் கை துண்டிப்பது போன்ற தண்டனைகள் அதில் உண்டு என்பது உண்மை. அது முஸ்லிம்களுக்கு மட்டுமே என்று பாஸ் சொல்லி வந்திருக்கிறது. ஒரு நாளும் அது அமலுக்கு வரவில்லை என்பதும் உண்மை. காரணம், குற்றவியல் சட்டம் மத்திய அரசின் அதிகாரம். ஷரியா நீதிமன்றம் கொடுக்கக்கூடிய தண்டனைக்கும் மத்தியச் சட்டத்தில் வரம்பு உண்டு: 3 ஆண்டு சிறை, 5,000 வெள்ளி அபராதம், 6 பிரம்படி. அந்த வரம்பை உயர்த்த ஹாடி அவாங் 2016ல் நாடாளுமன்றத்தில் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அது நிறைவேறவில்லை.

2024 பிப்ரவரி 9ல் கூட்டரசு நீதிமன்றம் கிளந்தான் ஷரியா குற்றவியல் சட்டத்தின் 16 பிரிவுகளை, மாநிலத்துக்கு அந்த அதிகாரம் இல்லை என்று ரத்து செய்தது. வழக்குப் போட்டவர்கள் யார் தெரியுமா? முஸ்லிம்களான ஒரு தாயும் மகளும். இந்த விவாதம் மலாய் வீட்டுக்குள்ளேயே நடக்கும் விவாதம் என்பதை இதிலிருந்து அறியலாம்.

'முஸ்லிம்களுக்கு மட்டும்' என்பதை அப்படியே நம்பிவிடலாமா? 2023ல் கோத்தா பாருவில் அரைக்கால் சட்டை அணிந்து தன் கடையில் நின்ற முஸ்லிம் அல்லாத பெண் வியாபாரி ஒருவருக்கு நகராண்மை அபராதம் போட்டது. எதிர்ப்புக் கிளம்பிய பிறகே அது கைவிடப்பட்டது. வேலி பக்கத்து வீட்டுக்கென்று போட்டாலும் முள் நம் வேட்டியிலும் மாட்டும். அதே கிளந்தானில்தான் தும்பாட் வட்டாரத்துச் சயாமியரின் புத்தர் கோயில்கள் பாஸ் ஆட்சியிலும் பெரிய சிலைகளோடு நிற்கின்றன. இரண்டையும் சேர்த்துத்தான் எடை போட வேண்டும்.

நம்மவரும் பாஸும்

2007 நவம்பர் 25ல் ஹிண்ட்ராப் பேரணி. அடுத்த மார்ச்சில் தேர்தல். 'மக்கள் சக்தி' என்று கோஷம் போட்ட நம் இளைஞர்கள் பச்சைக் கொடியையும் தூக்கினார்கள். பாஸ், ஜ.செ.க., கெஅடிலான் மூன்றும் ஒன்றாக நின்ற காலம் அது. பேராக்கில் பாஸைச் சேர்ந்த நிஜார் மந்திரி புசாராகவும், ஜ.செ.க.வின் வி. சிவகுமார் சபாநாயகராகவும் அமர்ந்தார்கள். அந்த ஆட்சி 2009 பிப்ரவரியில் கவிழ்ந்தது. அதே 2009ல் ஷா ஆலாமில் ஒரு கோயிலை இடம் மாற்றுவதை எதிர்த்துச் சிலர் மாட்டுத் தலையோடு ஊர்வலம் போனபோது, கோயிலுக்கு இடம் கொடுக்கும் முடிவின் பக்கம் நின்றவர் அன்றைய பாஸ் நாடாளுமன்ற உறுப்பினர் காலிட் சமாட். சொந்த இனத்தார் கூச்சலிட்டும் அவர் பின்வாங்கவில்லை.

ஆனால் காலிட் சமாட் போன்றவர்கள் இன்று பாஸில் இல்லை. 2015ல் கிளந்தான் மறுபடி ஹூடுட் திருத்தம் கொண்டுவந்தபோது கூட்டணி உடைந்தது. மிதவாதிகள் வெளியேறி அமானா கட்சி அமைத்தார்கள். பாஸ் பிறகு 2019ல் அம்னோவோடும், 2020லிருந்து பெர்சத்துவோடும் கைகோத்தது. 'இனம் பேசுவது இஸ்லாம் அல்ல' என்ற 1980களின் குரல் மங்கி, 'மலாய் முஸ்லிம் ஒற்றுமை' என்ற குரல் ஓங்கியது. முஸ்லிம் அல்லாதார் பாஸில் முழு அங்கத்தினராக முடியாது. அவர்களுக்கென்று ஆதரவாளர் பிரிவு ஒன்று இருக்கிறது, அவ்வளவுதான்.

கெடாவில் நமக்கு நேரடி அனுபவம் உண்டு. 2008ல் வந்த பாஸ் ஆட்சி, வீட்டு மேம்பாட்டுத் திட்டங்களில் பூமிபுத்ரா பங்கை 50 விழுக்காடாக உயர்த்தப் போவதாகச் சொல்லி எதிர்ப்பைச் சந்தித்தது. 2020 ஜூலையில் அலோர் ஸ்டார் ரயில் நிலையம் அருகே இருந்த மதுரை வீரன் கோயில் நகராண்மையால் இடிக்கப்பட்டது. 2021ல் கோவிட் கட்டுப்பாட்டைக் காரணம் காட்டித் தைப்பூச விடுமுறை இல்லை என்றார் மந்திரி புசார் சனுசி. நம்மவர் குமுறினார்கள். அடுத்த ஆண்டு விடுமுறை கொடுக்கப்பட்டது.

காலடி மண் யார் கையில்?

வாசக அன்பர்களே, இங்கேதான் நாம் சொல்ல வந்த முக்கியமான செய்தி. கையை வெட்டும் சட்டத்துக்குப் பயந்து பயந்து, நம் வாழ்வைத் தினமும் தொடும் ஒன்றை நாம் கவனிக்காமல் விட்டோம். அது நிலம்.

இந்நாட்டு அரசமைப்பில் கல்வி, தொழிலாளர் சட்டம், குடியுரிமை ஆகியவை மத்திய அரசு கையில். நிலமும் நகராண்மையும் மாநில அரசு கையில். ஆகவே தமிழ்ப்பள்ளிக்கு ஆசிரியர் வேண்டுமா, குறைந்தபட்சச் சம்பளம் உயர வேண்டுமா, பிள்ளைக்குப் பிறப்புப் பத்திரச் சிக்கலா, புத்ராஜெயாவைக் கேட்க வேண்டும். ஆனால் தோட்டம் விற்கப்பட்டு லயம் காலியாகும்போது, மாரியம்மன் கோயில் நிற்கும் மண்ணுக்கும், பாட்டன் பூட்டனைப் புதைத்த சுடுகாட்டு மண்ணுக்கும், பள்ளி நிற்கும் மண்ணுக்கும் பத்திரம் கொடுப்பது மாநிலம். மாநிலத்தில் எந்தக் கட்சி ஆள்கிறதோ அந்தக் கட்சியின் வாசலில்தான் நம் கோயில் கமிட்டி மனுவோடு நிற்க வேண்டும். கெடாவில் மட்டும் 50க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. பல தோட்டத்து மண்ணில் பிறந்தவை.

இதில் இன்னொரு நியாயத்தையும் பேச வேண்டும். 1950களிலும் 60களிலும் தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டு நம்மவர் நடுத்தெருவுக்கு வந்தபோது மத்தியில் ஆண்டது பாஸ் அல்ல. பத்திரம் இல்லாத கோயில்கள் இத்தனை இருப்பதற்கும் பாஸ் மட்டும் காரணமல்ல. பாஸைக் காட்டி நம்மைப் பயமுறுத்தி வாக்கு வாங்கிய பலர், வாக்கு வாங்கிய பின் அந்தப் பத்திரத்தை வாங்கிக் கொடுத்தார்களா? இந்தக் கேள்வியும் கேட்கப்பட வேண்டிய கேள்விதான்.

ஆகவே, கடிதம் எழுதிய அன்பருக்கு நம் பதில் இதுதான். அடுத்த முறை பச்சைச் சட்டைக்காரர் லயத்து வாசலுக்கு வந்தால் கதவைச் சாத்தாதீர்கள். ஒரு டம்ளர் தேநீர் கொடுத்து உட்கார வையுங்கள். "பாக் சிக், அரிசிக்கு நன்றி. எங்க கோயில் நிலத்துக்குப் பத்திரம் எப்போ? சுடுகாட்டுக்கு வேலி எப்போ? தோட்டம் வித்தா எங்களுக்கு வீடு உண்டா? உங்க சட்டம் எங்க மேல விழாதுன்னு எழுதிக் கொடுப்பீங்களா?" என்று கேளுங்கள். மலாயில் கேளுங்கள், அவர் முகத்தைப் பார்த்துக் கேளுங்கள். மறுநாள் நீலச் சட்டைக்காரர் வந்தாலும், சிவப்புச் சட்டைக்காரர் வந்தாலும் அதே நான்கு கேள்வி. பதிலை ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதி போட்டு எழுதி வையுங்கள். பள்ளிக்கூடம் போகும் பிள்ளையை விட்டு எழுதச் சொல்லுங்கள். 18 வயதில் அதற்கும் வாக்கு வந்துவிடும்.

பயந்தவன் வாக்கை யாரும் மதிப்பதில்லை, அது எப்படியும் விழும் என்று தெரியும். அரிசிக்கு விழும் வாக்கையும் மதிப்பதில்லை, அதன் விலை இன்னது என்று தெரியும். கேள்வி கேட்பவன் வாக்குக்குத்தான் எல்லாக் கட்சியும் வாசலில் வந்து நிற்கும்.